பழைய போத்தலில் பிறந்த மழைக்கோட்டு: யாழ்ப்பாணத்தில் அதைப் பல மாரிக்கு வைத்திருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வாடைக்காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கிற ஒரு கார்த்திகைக் காலையில் வல்லை வெளியைக் கடந்தவர்களுக்கு மழைக்கோட்டின் அருமை தெரியும். இரண்டு பக்கமும் ஒரு மறைப்பும் கிடையாது. மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வந்து அடிக்கும். நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்கு வேலைக்காக ஸ்கூட்டியில் போய்வரும் எனக்கு, ஒரு கோட்டு நல்லதா இல்லையா என்று சொல்வது அந்த வெளிதான்.

எனக்குக் கிடைத்த முதல் நல்ல மழைக்கோட்டு கனடாவிலிருந்து சின்னம்மா கொண்டுவந்தது. பாவித்த பிளாஸ்டிக் போத்தல்களிலிருந்து எடுத்த நூலில் நெய்தது என்று உள்ளே ஒரு லேபலில் எழுதியிருந்தது. ஒரு மாரி முழுக்க ஒரு துளி உள்ளே வரவில்லை. தை பிறந்து மழை விட்டதும் அதை மடித்து ஸ்கூட்டி சீற்றுக்குக் கீழே வைத்தேன், அவசரத்துக்கு உதவும் என்று. அடுத்த ஐப்பசியில் எடுத்தபோது உட்பக்கம் பிசுபிசுவென்று ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. பிரித்தால் செதில் செதிலாகக் கையோடு வந்தது. அந்தக் கோட்டை மழை கெடுக்கவில்லை. மழை இல்லாத ஒன்பது மாதங்கள் கெடுத்தன.

வெளிநாட்டில் எழுதப்படும் பராமரிப்புக் குறிப்புகளில் பெரும்பாலும் இந்த விஷயம் இருக்காது. அங்கே ஆண்டு முழுக்க மழை தூறும், கோட்டும் ஆண்டு முழுக்கப் பாவனையில் இருக்கும். எங்களுக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அப்புறம் நீண்ட வெயில். அதனால் இங்கே பராமரிப்பு என்றால் பாதி தோய்ப்பது, பாதி எடுத்துவைப்பது.

முதலில், உங்கள் கையில் இருப்பது என்ன

மறுசுழற்சித் துணியில் வரும் மழைக்கோட்டுகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று பொலியெஸ்டர்: தண்ணீர், சோடாப் போத்தல்களைக் கழுவி, சிறு துண்டுகளாக நொறுக்கி, உருக்கி, நூலாக இழுப்பது. மற்றது நைலோன்: ஆலைக் கழிவிலிருந்தும் கைவிடப்பட்ட மீன்பிடி வலைகளிலிருந்தும் எடுப்பது. இது எங்கோ தூர தேசத்து விஷயம் இல்லை. 2019 உலகக் கிண்ணத்தில் இலங்கைக் கிரிக்கெட் அணி போட்ட ஜெர்சியே எங்கள் கடற்கரைகளில் பொறுக்கிய பிளாஸ்டிக்கிலிருந்து செய்ததுதான்.

நூல் பழைய போத்தலிலிருந்து வந்தது என்பதற்காக அதைத் தனியாகக் கவனிக்க வேண்டியதில்லை. புதுப் பொலியெஸ்டருக்கு என்ன செய்வோமோ அதேதான். ஆனால் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மறுசுழற்சியால் மிச்சமாவது நூல் செய்யும் கட்டத்தில் மட்டும்தான். சாயம் போடுவது, உட்பூச்சு பூசுவது, தைப்பது, கப்பலில் ஏற்றுவது எல்லாம் எந்தக் கோட்டுக்கும் ஒன்றே. இரண்டு வருடத்தில் எறிந்தால் அந்த மிச்சத்துக்கு அர்த்தமே இல்லை. பத்து வருடம் போட்டால்தான் உண்டு.

கோட்டை உட்புறம் திருப்பிப் பாருங்கள். மழையைத் தடுப்பது துணி இல்லை. துணிக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய படலம் அல்லது பூச்சுத்தான் தடுக்கிறது. உள்ளே பளபளப்பாக, லேசாக றப்பர்போல இருந்தால் அது பொலியூரதேன் பூச்சு. உள்ளேயும் ஒரு மெல்லிய துணி ஒட்டியிருந்தால் படலம் நடுவில் மறைந்திருக்கிறது. தையல்களின் மேல் ஓடும் பட்டையைப் பாருங்கள், ஊசித் துளைகளை அடைப்பது அதுதான். வெளிப்புறத் துணியில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பூச்சு இருக்கும். தண்ணீர் தாமரையிலைத் தண்ணீராக உருண்டு ஓடுவதற்கு அதுவே காரணம்.

அடுத்து லேபல். அதில் தொட்டிப் படத்துக்குள் 30 என்றால் 30 பாகைக்கு மேல் சூடான தண்ணீர் கூடாது. முக்கோணத்தில் குறுக்குக் கோடு என்றால் வெளுக்கும் மருந்து கூடாது. அயன்பெட்டிக்குள் ஒரு புள்ளி என்றால் 110 பாகை வரை அயன் பிடிக்கலாம், அயன்பெட்டி மேல் குறுக்குக் கோடு என்றால் அயனை மறந்துவிடுங்கள். லேபல் அரிக்கிறது என்று பலர் வெட்டி எறிந்துவிடுகிறார்கள். வெட்டத்தான் வேண்டும் என்றால் முதலில் ஒரு படம் எடுத்து ஃபோனில் வையுங்கள்.

ஒழுகுகிறதா, வெளித்துணி நனைகிறதா

"உந்தக் கோட்டு இப்ப ஒழுகுது" என்று சொல்லிக் கோட்டை மாற்றுகிறவர்களில் பலருடையது உண்மையில் ஒழுகுவதில்லை. ஒரு கை தண்ணீரைத் தோள்பகுதியில் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்று உருண்டால் நல்லது. துணி தண்ணீரைக் குடித்துக் கறுத்துப்போனால் வெளிப்பூச்சு களைத்துவிட்டது என்று அர்த்தம். அப்போது படலம் நன்றாகவே இருந்தாலும், நனைந்த துணி மேலே போர்த்திக்கொண்டிருப்பதால் உடம்பின் வியர்வை ஆவி வெளியே போக வழியில்லை. உள்ளே ஈரமாகும், குளிரும். நாங்கள் அதை மழை என்று நினைத்துக்கொள்கிறோம்.

வெளிப்பூச்சு களைப்பது பெரும்பாலும் அழுக்காலும், எண்ணெயாலும், மிச்சம் நின்ற சவர்க்காரத்தாலும்தான். அழுக்கு போனால் பாதி உயிர் திரும்பிவிடும். மழைக்கோட்டைத் தோய்த்தால் பழுதாகும் என்று பயந்து தோய்க்காமல் விடுவது தவறு. தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய் தலைமூடியிலும் கழுத்துப் பட்டியிலும் எப்படி ஊறியிருக்கிறது என்று ஒருமுறை தடவிப் பார்த்தால் புரியும்.

ஒவ்வொரு நாளும் செய்வது

நனைந்த கோட்டை வீட்டுக்கு வந்ததும் உதறி, விறாந்தையில் அகலமான கொழுக்கியில் மாட்டுங்கள். சிப்பைத் திறந்து விடுங்கள், கைகளை இழுத்து விடுங்கள். அலுவலகத்திலும் அப்படித்தான், சொப்பிங் பையில் சுருட்டி மேசைக்குக் கீழே வைக்காதீர்கள்.

செம்மண் சேறு பட்டால் அவசரப்பட்டுத் தேய்க்க வேண்டாம். ஈரச் செம்மண்ணைத் தேய்த்தால் அது நெசவுக்குள் போய் உட்கார்ந்துவிடும். காயவிட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தட்டுங்கள். தும்புப் பிரஷ் வேண்டாம், கரடுமுரடு.

குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ போய் வந்தீர்கள் என்றால், பண்ணைப் பாலத்தில் கடற்காற்றோடு வந்தீர்கள் என்றாலும்கூட, அன்றிரவே நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிவிடுங்கள். காய்ந்த உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சிப்பின் உலோகத் தலையையும் அரிக்கும்.

தோய்ப்பது

தினமும் போடுகிறவர்கள் மாரியில் மாதம் ஒருமுறை தோய்த்தால் போதும். எப்போதாவது போடுகிறவர்களுக்கு மாரி முடிவில் ஒருமுறை. அந்தக் கடைசித் தோய்ப்பைத் தவறவிடக்கூடாது.

யாழ்ப்பாணத்தில் மழைக்கோட்டுக்கு முதல் எதிரி எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான். சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருவதால் அது கடினத் தண்ணீர். கேத்தில் அடியில் படிகிற வெள்ளைப் படை எது, அதுதான். கட்டிச் சவர்க்காரம் இந்தத் தண்ணீரோடு சேர்ந்தால் நுரை வராது, வெள்ளையாகத் திரளும். அந்தத் திரள் துணியில் படிந்து எவ்வளவு அலசினாலும் முழுதாகப் போகாது. அது படிந்த இடத்தில் தண்ணீர் உருளாது, ஊறும். பருத்திச் சட்டையில் கவனிக்கமாட்டோம். மழைக்கோட்டில் அதுவே கோட்டின் வேலையைக் கெடுத்துவிடும்.

இதற்கு நல்ல தீர்வு அந்த மழையிலேயே இருக்கிறது. மழைத்தண்ணீர் மென்மையானது. பீலியால் வரும் தண்ணீரில் முதல் பத்து நிமிடத்தை ஓடவிடுங்கள், கூரைத் தூசும் பறவை எச்சமும் போகட்டும். அதன் பிறகு இரண்டு மூன்று வாளி பிடித்து மூடி வையுங்கள். கோட்டுக்கு அது போதும். மழைத்தண்ணீர் கிடைக்காவிட்டால் கிணற்றுத் தண்ணீரில் தோய்த்து, கடைசி அலசலுக்கு மட்டுமாவது மழைத்தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

சவர்க்காரத்தில் மென்மையான திரவச் சவர்க்காரம் எடுங்கள். வாசனை குறைந்தது நல்லது. மழை உடுப்புக்கென்றே வரும் திரவம் யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் அது இன்னும் நல்லது. கட்டிச் சவர்க்காரம், தூள், வெளுக்கும் மருந்து மூன்றும் வேண்டாம். உடுப்பை மிருதுவாக்கும் வாசனைத் திரவம் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். அது துணி மேல் ஒரு மெல்லிய படையை விட்டுவிடும், அந்தப் படை தண்ணீரை இழுக்கும்.

இனிச் செய்முறை. பைகளை வெறுமையாக்கி, சிப்புகளையும் ஒட்டும் பட்டிகளையும் மூடுங்கள். பத்து லீற்றர் அளவு சாதாரணத் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி திரவத்துக்கு மேல் வேண்டாம். முதலில் திரவத்தைக் கரைத்துவிட்டு அப்புறம் கோட்டைப் போடுங்கள். பத்து நிமிடம் ஊறட்டும். கழுத்துப் பட்டி, கைமுனை, தலைமூடி ஓரம், இந்த மூன்று இடத்தையும் விரலாலோ மெல்லிய துணியாலோ தேயுங்கள். மற்ற இடங்களுக்கு மெதுவாக அமுக்கி அமுக்கி எடுப்பதே போதும். தோய்க்கிற கல்லில் அடிக்கவே கூடாது. முறுக்கிப் பிழியவும் கூடாது. அடித்தால் தையல் பட்டை கழன்றுவிடும், முறுக்கினால் படலம் வெடிக்கும்.

அலசுவதில் கஞ்சம் பிடிக்காதீர்கள். மூன்று முறை குறைந்தது. கடைசி வாளியில் கையை அளைந்தால் ஒரு குமிழிகூட வரக்கூடாது.

மெஷினில் போடலாமா என்று கேட்பார்கள். லேபல் அனுமதித்தால் முன்பக்கம் திறக்கும் மெஷினில் மென்மையான சுற்றில் போடலாம், சுழற்றிப் பிழிவதை மிகக் குறைத்து அல்லது நிறுத்தி. தண்ணீர் புகாத துணிக்குள் தண்ணீர் தொட்டிபோலத் தேங்கி, வேகச் சுழற்சியில் மெஷினே குலுங்கி ஆடும். இங்கே பல வீடுகளில் இருக்கும் மேலே திறக்கும் மெஷினுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். வாளிதான் நல்லது.

தோய்த்த தண்ணீரை எங்கே ஊற்றுவது என்பதும் இந்த வேலையின் பகுதிதான். எங்கள் வீடுகளில் கிணற்றடித் தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் போகும். சுண்ணாம்புக் கல் நிலம் என்பதால் மேலே ஊற்றுவது கீழே இறங்கித் திரும்ப நாங்கள் குடிக்கிற தண்ணீரோடு சேர அதிக காலம் எடுக்காது. பொலியெஸ்டர் துணி எதுவாக இருந்தாலும் கழுவும்போது நுண்ணிய இழைகளை விடும். இறுக்கமாக நெய்த மழைக்கோட்டு குறைவாக விடும், உள்ளே கம்பளிபோலப் பஞ்சு வைத்த ஜக்கெட் அதிகம் விடும். வாளித் தண்ணீரைப் பழைய வேட்டித் துண்டை இரண்டாக மடித்து அதனூடாக ஊற்றினால் பெரிய இழைகளாவது நிற்கும். காய்ந்ததும் அவற்றைத் தட்டிக் குப்பையில் போடலாம். சூடில்லாத தண்ணீரும் மெல்லிய கையும் இருந்தால் இழை உதிர்வதே குறையும்.

இன்னொன்றும் இருக்கிறது. பல வருடம் பழகிய கோட்டுகளின் வெளிப்பூச்சில் புளோரின் சேர்ந்த இரசாயனம் இருக்க வாய்ப்பு அதிகம். அது மண்ணிலும் தண்ணீரிலும் அழியாமல் தங்கும். அப்படியான கோட்டைத் தோய்த்த தண்ணீரைக் கிணற்றுக்கு அருகில் ஊற்றாதீர்கள்.

காயவைப்பது, சூடு காட்டுவது

கொடியில் நேர் வெயிலில் போடாதீர்கள். எங்கள் பங்குனி வெயில் நைலோனை நொறுங்கச் செய்யும், நிறத்தையும் தின்னும். நிழலில், காற்றோட்டத்தில், முதலில் உட்புறம் வெளியே இருக்கும்படி காயவிட்டு, பிறகு திருப்புங்கள். அடைமழை நாட்களில் இரண்டு நாள் எடுக்கலாம். மின்விசிறிக்கு முன்னால் மாட்டினால் விரைவாகக் காயும். முழுதாகக் காய்ந்ததா என்று பார்க்க கைமுனையின் மடிப்பையும் பையின் மூலையையும் தொட்டுப் பாருங்கள், கடைசியில் காய்வது அவைதான்.

காய்ந்த பிறகு மறுபடி தண்ணீர் தெளித்துப் பாருங்கள். இன்னும் முத்து நிற்கவில்லை என்றால் சூடு காட்டினால் பல நேரம் வெளிப்பூச்சு எழுந்து நிற்கும். லேபலில் அயனுக்கு அனுமதி இருந்தால் மட்டும், அயன்பெட்டியை மிகக் குறைந்த சூட்டில் வைத்து, ஆவியை நிறுத்தி, கோட்டுக்கு மேல் ஒரு பருத்தித் துவாயை விரித்து, ஓரிடத்திலும் நிற்காமல் நகர்த்துங்கள். தையல் பட்டை, ஒளிரும் பட்டி, அச்சடித்த பெயர் இருக்கும் இடங்களைத் தவிருங்கள். அயன் கூடாது என்றால் தலைமயிர் உலர்த்தும் கருவியை ஒரு சாண் தூரத்தில் பிடித்துச் செய்யலாம்.

இதற்கும் மசியவில்லை என்றால் புதிதாகப் பூச்சு விசிற வேண்டும். புளோரின் இல்லாதது என்று போத்தலில் எழுதியிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். யாரிடமாவது சொல்லி எடுப்பித்தால், காற்றழுத்த டப்பா இல்லாமல் கையால் அமுக்கி விசிறும் போத்தலாகக் கேளுங்கள், விமானத்தில் கொண்டுவருவது சுலபம். தோய்த்து ஈரமாக இருக்கும் கோட்டைத் திறந்த வெளியில் மாட்டி, தோள், தலைமூடி, முன்கை, மடி ஆகிய இடங்களுக்கு அதிகமாக விசிறுங்கள். இரண்டு நிமிடம் கழித்து வழிவதைத் துணியால் ஒற்றி எடுங்கள். காயவிடுங்கள். மெழுகுதிரி தேய்ப்பது, தேங்காயெண்ணெய் பூசுவது, மண்ணெண்ணெயால் கறை எடுப்பது எல்லாவற்றையும் நான் ஊரில் கண்டிருக்கிறேன். துணிக்கு மெழுகு தேய்த்தால் மூச்சு விடும் வழி அடைபடும். மண்ணெண்ணெய் பூச்சைக் கரைத்துவிடும்.

கிழிந்தால்

ஒருமுறை வேலிக் கம்பியில் பட்டுக் கோட்டின் கை கிழிந்து, அதைத் தையற்கடைக்குக் கொண்டுபோனேன். அந்த ஐயா துணியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இதுக்கு ஊசி போட்டா மழை அந்த ஓட்டையாலதான் உள்ள வரும்" என்று திருப்பித் தந்தார். நான் கற்றுக்கொண்ட மிக நல்ல பாடம் அது. சிறு கிழிசலுக்கு ஒட்டும் நைலோன் பட்டைதான் சரி. கிழிந்த இடத்தைச் சுற்றிப் பார்மசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள். பட்டையைக் கிழிசலை விட எல்லாப் பக்கமும் ஒரு விரல் அகலம் பெரிதாக வெட்டுங்கள், மூலைகளை வட்டமாக. கூர்மூலைதான் முதலில் கிளம்பும். சமதரையில் வைத்து ஒட்டி, ஒரு நாள் பாரம் வைத்து விடுங்கள். தையல் போட்டே ஆகவேண்டிய பெரிய கிழிசலானால் தைத்த பிறகு உட்புறம் முழு நீளத்துக்கும் பட்டை ஒட்ட வேண்டும்.

சிப் இறுகினால் மணலைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பற்களில் மட்டும் மெழுகுதிரியை லேசாக ஓட்டுங்கள். சிப்பின் தலை மட்டும் பழுதானால் தையற்கடையில் அதை மட்டும் மாற்றலாம், கோட்டையே மாற்ற வேண்டியதில்லை.

தை முதல் புரட்டாசி வரை

உட்பூச்சில் இருக்கும் பொலியூரதேன் சூடும் ஈரப்பதமும் சேர்ந்தால் மெதுவாக உடையும். தண்ணீர் அதன் இணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கிறது. முதலில் பிசுபிசுப்பு, பிறகு ஒரு புளித்த வாசம், பிறகு செதில். ஒருமுறை தொடங்கினால் திருப்ப முடியாது. ஸ்கூட்டி சீற்றுக்குக் கீழே கீழிருந்து இயந்திரச் சூடும் மேலிருந்து வெயில் சூடும் வரும், அதோடு மடிப்புக்குள் கொஞ்சம் ஈரமும். அதைவிட மோசமான இடத்தைத் தேடினாலும் கிடைக்காது. காரின் பின்பெட்டியும், தகரக் கூரைக்குக் கீழ்ப் பரணும் அதற்கு அடுத்தவை.

மாரி முடிந்ததும் தோய்த்து, இரண்டு முழு நாள் காயவிட்டு, அலுமாரியில் அகலக் கொழுக்கியில் மாட்டுங்கள். மேற்கு வெயில் அடிக்கும் சுவரோடு ஒட்டிய அலுமாரி வேண்டாம். இடம் இல்லையென்றால் தளர்வாக மடித்துப் பழைய பருத்தித் தலையணை உறைக்குள் வையுங்கள். பொலித்தீன் பை வேண்டாம், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாது, பூஞ்சணம் பிடிக்கும். பூச்சி உருண்டையும் தேவையில்லை. துணி அரிக்கும் பூச்சி பொலியெஸ்டரைத் தின்னாது, ஆனால் உருண்டையின் மணம் துணியில் ஏறினால் மாதக்கணக்கில் போகாது.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசத் தொடங்கியதும் ஒரு காய்ந்த நாளில் வெளியே எடுத்து, மடிப்பை மாற்றி, காற்றில் ஒரு மாலை மாட்டுங்கள். ஆடியில் இன்னொரு முறை. அவ்வளவுதான். அவசரத்துக்கு ஸ்கூட்டியில் ஒன்று வேண்டும் என்றால் மலிவான பிளாஸ்டிக் கோட்டு ஒன்றை வையுங்கள், நல்லதை வேண்டாம்.

புரட்டாசிக் கடைசியில் ஒருமுறை தண்ணீர் தெளித்துப் பார்த்துவிடுங்கள். பூச்சு விசிறவோ பட்டை ஒட்டவோ வேண்டும் என்றால் தீபாவளி மழைக்கு முன் அதற்கு நேரம் இருக்கும்.

இனி முடியாது என்ற நிலை வந்தால்

உட்பூச்சு முழுக்க உரிந்த கோட்டை மழைக்கோட்டாக மீட்க முடியாது. மறுசுழற்சித் துணிதானே, மறுபடி போத்தல் ஆக்குவார்கள் என்று நினைக்கவும் முடியாது. பொலியெஸ்டர், பொலியூரதேன், சிப், பட்டை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் பொருளைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். வளவில் குப்பையோடு எரிப்பது மட்டும் வேண்டாம். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது எங்கள் பிள்ளைகள்தான்.

சிப்புகளையும் இழுவைக் கயிறுகளையும் கழற்றித் தையற்கடைக்குக் கொடுங்கள், வாங்கிக்கொள்வார்கள். பூச்சு உரிந்த துணியைப் பழைய பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்தால் செதில் போய்விடும். மிஞ்சுவது பலமான வெறும் துணி. என்னுடைய முதல் கோட்டின் முதுகுத் துண்டை அம்மா இரண்டு மடிப்புத் தையலோடு பையாகத் தைத்தார். நெல்லியடிச் சந்தையில் ஐந்து கிலோ வெங்காயம் போட்டுத் தூக்கியும் அது இன்னும் கிழியவில்லை.